பசித்தவர் தேவை

பத்து நாளாய்த் தேடியும் சின்னராஜுக்குப் பசித்தவர் ஒருவர்கூட அகப்படவில்லை.

மெட்ராஸ் காலேஜில் படிக்கிற பையன். கோடை லீவில் கிராமத்துப் பசியை ஆராய்ச்சி பண்ணிக்கொண்டு வா என்று, கேள்விகள் அச்சடித்த பாரம் நாற்பதைக் கையில் கொடுத்து வெண்ணந்தூர்ப் பக்கம் அனுப்பியிருந்தார் புரொபசர். எண்பத்து மூணாம் வருசம். கிணறெல்லாம் தரை தெரிந்து கிடந்தது. இங்கே பசிக்கா பஞ்சம் என்று நம்பித்தான் பஸ்ஸை விட்டு இறங்கினான்.

"நேத்து ராத்திரி என்னம்மா சாப்பிட்டீங்க?" என்று கூரை வீட்டுச் சென்னம்மாளைக் கேட்டான்.

"நெல்லுச்சோறு, கத்திரிக்காக் கொழம்பு, ஆளுக்கொரு முட்டைங்க சாமி."

"அடுப்புல சாம்பலே காணோமே?"

"இப்பத்தானுங்க அள்ளிக் கொட்டினேன். ஊடுன்னா சுத்தமா இருக்கோணுமில்லீங்க?"

வேப்பமரத்தடியில் குந்தியிருந்த அம்மாசி, இடுப்பு வேட்டியை ஒரு சுற்று இறுக்கிக்கொண்டு சொன்னார்: "பசிங்களா? அது பக்கத்தூர்ல இருக்குதுன்னு பேச்சுங்க. வெரசாப் போனீங்கன்னா பாத்துப்போடலாம்."

பக்கத்தூருக்கு ஓடினான். அவர்கள் இந்த ஊரைக் கை காட்டினார்கள்.

அவன் தங்கியிருந்தது நாச்சிமுத்து வீட்டில். எட்டு ஏக்கர் வெள்ளாமைக் காடு, வற்றின கிணறு, வற்றாத கௌரவம்.

"ஊரே பொய் சொல்லுதுங்க," என்று சாப்பாட்டு இலை முன்னால் உட்கார்ந்து நொந்துகொண்டான் சின்னராஜ். "உள்ளதைச் சொல்ல என்ன வெக்கம்? பசின்னா என்னன்னு இங்க யாருக்கும் புரியலைங்க." சொல்லிக்கொண்டே ரெண்டாவது முட்டையைப் பிட்டான்.

"நெசந்தானுங்க தம்பி," என்றார் நாச்சிமுத்து. "சௌந்திரம், தம்பி எலையப் பாரு. இன்னுங் கொஞ்சம் போடு."

அவர் சம்சாரம் சௌந்திரம் பானையோடு வந்தாள். சின்னராஜ் வேண்டாமென்று கையால் இலையை மறைத்தான். விரலை நன்றாக விரித்துத்தான் மறைத்தான். சோறு விழுந்தது.

ஊருக்குக் கிளம்ப ஒரு நாள் பாக்கி. முப்பத்தொன்பது பாரத்திலும் மூன்று வேளைச் சாப்பாடு. நாச்சிமுத்து சந்தைக்குப் போயிருந்தார். சின்னராஜ் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தான்.

"என்னங்க தம்பி, மொகம் வாடிக் கெடக்குது?" என்றாள் சௌந்திரம்.

"பசின்னு சொல்ல ஒரு ஆளுகூடக் கிடைக்கலைக்கா. வெறுங்கையோட போனா புரொபசர் பாஸ் போட மாட்டார். ஒரு வருசம் போச்சு."

சௌந்திரம் வாசலை ஒருதரம் எட்டிப் பார்த்தாள்.

"படிக்கிற புள்ளைக்கு அப்படி ஆகலாமுங்களா? என்ர பேரைப் போட்டுக்கங்க. அவருக்கு மட்டும் தெரிய வேண்டாமுங்க."

சின்னராஜுக்கு உயிர் வந்தது. நாற்பதாவது பாரத்தை உருவினான்.

"இந்த வாரத்துல எத்தனை வேளைக்கா சாப்பிடாம இருந்தீங்க?"

விரல் விட்டு எண்ணினாள். "ஒம்போது இருக்குமுங்க."

"ஒம்போதா? ரொம்ப நல்லதுக்கா," என்றான் சந்தோசத்தில். "எப்படி அது?"

"ரேசன் அரிசிங்க, அளந்துதான் ஒலை வைக்கிறது. எல்லாரும் உண்டு மிஞ்சினாத்தானுங்களே எனக்கு."

"எப்போ இருந்து இப்படி?"

"பத்து பதினோரு நாளாத்தானுங்க."

ஒரு எழுத்து விடாமல் எழுதினான். கடைசிக் கட்டம் ஒன்றுதான் பாக்கி.

"காரணம்னு கேட்டிருக்குக்கா. என்ன போடட்டும்? மழை இல்லாததா, வெலைவாசியா?"

சௌந்திரம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அதை உடுங்க சாமி. நாளைக்கு நீங்க பஸ் ஏறிட்டீங்கன்னா அது தன்னால சரியாப் போயிருமுங்க."

பேனா நின்றது. சின்னராஜ் தலை நிமிரவில்லை. அந்தக் காலிக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு, 'கடும் வறட்சி' என்று திருத்தமாக எழுதி, அடியில் கையெழுத்துப் போட்டான்.