ஐந்தாம் லெவல் வார்டு

மூன்று நாள் ஆஸ்பத்திரியில் அவர் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அதுதான் நான் செய்த தப்பு. நாலாம் நாள் காலையில் இட்லி வாங்கிக்கொண்டு திரும்பினால் வார்டுக் கதவு திறக்கவில்லை.

"மூணு நாளா நீங்க நடக்கவே இல்லையேம்மா. உங்க போன்ல நடை லெவல் நாலுக்கு இறங்கிடுச்சு," என்றார் வாட்ச்மேன். "இந்த வார்டுக்கு அஞ்சு வேணும். பத்தாயிரம் அடி நடந்தா ஏறிடும்."

"உள்ள படுத்திருக்கிறது என் புருஷன்யா!"

"கதவு என் பேச்சைக் கேக்காதும்மா."

ஆஸ்பத்திரி வாசல் பிள்ளையாரைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். வேறெங்கும் நிழல் இல்லை. ஒருத்தி வந்து, "நூத்தியெட்டு சுத்தா அக்கா?" என்று பக்தியோடு கேட்டாள். என் வாயில் நல்ல வார்த்தை வரவில்லை.

மத்தியானம் கதவு திறந்தது. இட்லி காய்ந்து போயிருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை, போன் அலறியது: "நீண்ட நேரமாக உட்கார்ந்திருக்கிறீர்கள். லெவல் குறையும்."

எழுந்து கட்டிலைச் சுற்ற ஆரம்பித்தேன்.

"என்னை எதுக்குடி சுத்துற? நான் என்ன சாமியா?" என்றார் அவர்.

"பேசாமப் படுங்க. நாளைக்கும் உங்களைப் பாக்கணும்."