கையுறை வைத்தியம்

"கையில இருந்த கரப்பான் சுத்தமா ஆறிடுச்சு. இனிமே மருந்தே வேணாம்" என்றார் சிதம்பரத்துத் தோல் டாக்டரம்மா.

மெக்கானிக் சுப்பராயலுவுக்குத் தலைகால் புரியவில்லை. வருஷக்கணக்காக ஸ்பூனால் தின்றவன், இனிக் கறிக்குழம்பைக் கையால் பிசைந்து ஒரு பிடி பிடிக்கலாம்.

மனைவி மலர்க்கொடியின் முகம்தான் வாடியது. "ராத்திரியில களிம்பு தடவி, துணிக் கையுறை போடச் சொன்னீங்கல்ல? அதையாவது நிறுத்தாதீங்கம்மா."

"ஏன், திரும்ப வந்துரும்னு பயமா?"

"பாருங்க டாக்டர், கை ஆறுனாலும் நம்ப மாட்டேங்குறா" என்று சலித்துக்கொண்டான் சுப்பராயலு.

"பயமெல்லாம் இல்லம்மா. உறை மாட்டுனா இவரால போன் நோண்ட முடியல. கல்யாணமான நாளா, இப்பத்தான் ராத்திரியில எங்கிட்ட பேசுறாரு."

டாக்டரம்மா வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அந்த உறை எந்தக் கடையில வாங்குனீங்க?"