டீச்சருக்கு ஒரு படம்

"இதுவும் அவளுக்குப் பிடிக்கல்ல, அண்ணாச்சி."

செல்வதாஸ் பொதிந்து கொண்டுவந்த படத்தை மேசைமேல் வைத்தார். வடசேரியில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை நடத்தும் கோலப்பன் பொதியைப் பிரித்தார். பனிமலையும் கொக்குகளுமாக ஒரு ஜப்பான் ஓவியம். போன வாரம் அவரே சட்டம் போட்டுக் கொடுத்தது.

"இவ்வளவு நல்ல படத்தையா? இதுக்கு முன்னால பாரசீகத் தோட்டம். அதுக்கும் முன்னால டச்சுக்காரன் பூச்சாடி. மூணும் திரும்பி வந்தாச்சு. டீச்சர் என்னதான் சொல்லுதாவ?"

"ஒண்ணும் சொல்லல்ல."

செல்வதாஸின் மனைவி ஜெபகனி டீச்சரைக் கோலப்பனுக்குத் தெரியும். கோலப்பனின் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுத்தவர். பிள்ளைகளைப் பத்மநாபபுரம் அரண்மனைக்குக் கூட்டிப்போவார். சீனத்து ஜாடி முன்னால் நின்றால் சாப்பாட்டையே மறந்துவிடுவார். எந்த நாட்டுப் படத்தையும் அவர் குறை சொல்லி யாரும் கேட்டதில்லை. கோலப்பன் அவரைப் பார்த்து வருஷக்கணக்காகிறது.

"உங்க மேல ஏதாவது கோவமா சார்?"

"அதும் எனக்குத் தெரியல்ல."

செல்வதாஸ் பையிலிருந்து ஒரு சுருளை எடுத்து விரித்தார். மதுபனி ஓவியம். குளம் நிறைய மீன்கள். மீனுக்கும் தாமரைக்கும் நடுவே விரல் வைக்க இடமில்லாமல் கோடுகள்.

"நேத்து இத போன்ல காட்டினேன். ரொம்ப நேரம் பாத்தா. அதான் பெரிசா பிரின்ட் எடுத்துட்டு வந்தேன். எப்பவும் போல லேசான மரம் போதும். கண்ணாடி வேண்டாம்."

"கண்ணாடி இல்லன்னா தூசி படியும் சார்."

"படியாது. கண்ணாடி போட்டா கனம் கூடிரும்."

"ஹால்ல மாட்டுங்க. வாறவியளும் பாக்கட்டும்."

"அவ பாத்தா போதும்."

கோலப்பனுக்குப் பொறுமை போயிற்று. "இதுவும் திரும்பி வந்தா என்ன செய்ய? டீச்சரையே ஒரு நட கூட்டிட்டு வாங்களேன். அவியளே பாத்து எடுக்கட்டும்."

செல்வதாஸ் சுருண்டுகொண்ட படத்தின் மூலையை நிமிர்த்திக்கொண்டே இருந்தார்.

கோலப்பனே இறங்கிவந்தார். "சரி, போட்டுத் தாறேன். எந்தச் சுவத்துல மாட்டப்போறிய? கொக்கி தரட்டா?"

"சுவத்துல இல்ல, அண்ணாச்சி. அவ கட்டிலுக்கு நேர் மேல, சீலிங்ல" என்றார் செல்வதாஸ். "ஆக்சிடென்டுக்குப் பொறவு அவளால அசைக்க முடியுறது கண்ணு மட்டுந்தான். படம் பிடிக்கலன்னா மூடிக்கிடுவா."