திரைக்குள் கோபித்துக்கொண்ட அம்மா

கணினி அறையின் ஜன்னல் வெயில் திரைமேல் விழுந்து கண் கூசுகிறது. நோயாளிகளிடம் நடந்துகொள்ளும் முறையைக் கற்றுத்தரும் வீடியோ கேமில் மருத்துவ மாணவர்கள் அத்தனை பேரும் தோற்றாயிற்று. "தள்ளுங்கப்பா, முப்பது வருஷமா எனக்கு இதானே வேலை," என்று அறுவை சிகிச்சைப் பேராசிரியர் மவுஸைப் பிடுங்குகிறார். திரையில் வயிற்றுக் கட்டியோடு ஓர் அம்மா உட்கார்ந்திருக்கிறாள். 'நாளைக்கே ஆபரேஷன்' என்ற பொத்தானை அவர் அழுத்தியதும் அவள் செருப்பை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று வெளியேறுகிறாள். "ஏம்மா, எங்க போறீங்க? கட்டி பெருசா இருக்கே!" பேராசிரியர் நிஜமாகவே பதறுகிறார். "சார்," என்கிறாள் முன்வரிசை மாணவி, சிரிப்பை விழுங்கியபடி, "நீங்க அவங்க சம்மதத்தையே கேக்கலையே." அவர் காது சிவக்கிறது. ஆட்டத்தை மறுபடி தொடங்குகிறார். அம்மா வந்து உட்காருகிறாள். அவர் பொத்தான்களை மறந்து, நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டு, திரையைப் பார்த்து வாய்விட்டே கேட்கிறார்: "சொல்லுங்கம்மா, என்ன பயம் உங்களுக்கு?" கேட்டுவிட்டு, பதிலுக்காகக் காத்திருக்கிறார்.