வராத கேம்ஷாஃப்ட்

"திங்கட்கிழமை வந்துடும் சார்" என்றாள் உதிரிபாகக் கடை யோலந்தா, போனில்.

"எந்தத் திங்கட்கிழமை மேடம்? ரெண்டு போயாச்சு."

"வர்ற திங்கட்கிழமை சார்."

செசாரி போனை வைத்துவிட்டுத் தன் பழைய குட்டி ஃபியட்டைப் பார்த்தான். எஞ்சின் இருக்கும் பின்பக்க மூடியைத் திறந்து வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தது. எஞ்சினுக்கு வேகம் கூட்டும் ரேஸ் கேம்ஷாஃப்ட் தண்டுக்கு ஆர்டர் கொடுத்த சந்தோஷத்தில், தேய்ந்த பழையதை அன்றைக்கே கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டான். இனி கத்தோவித்சே நகரக் கடையிலிருந்து புதியது வந்தால்தான் வண்டி அசையும். மாதக் கடைசி ஞாயிறு மலையேற்றப் பந்தயம்.

போன வருடம் பாதி மலையில் அவனுடைய கிளட்ச் கேபிள் அறுந்தது. கோப்பை விட்டோல்டுக்குப் போனது. அதே லிமனோவா ஊர், அதே மாதிரி கார், நாலு தெரு தள்ளி வீடு. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை.

திங்கட்கிழமையும் வந்தது. கேம்ஷாஃப்ட் வரவில்லை.

"பெட்டியில கீறல் இருந்தது சார். திருப்பி அனுப்பிட்டோம்."

"பெட்டியில கீறல் இருந்தா எனக்கென்ன? நான் பெட்டியையா எஞ்சினுக்குள்ள மாட்டப் போறேன்?"

"அது... கடை விதி சார்."

"சரி, ஆர்டரை ரத்து பண்ணுங்க. க்ராகுவ்ல வேற கடை இருக்கு."

"ஐயோ, வேணாம் சார்." அவள் குரல் பதறியது. "வேற எங்கயும் வாங்கிடாதீங்க. இன்னும் ஒரே வாரம் பொறுங்க."

மனைவி இவோனா பாத்திரம் கழுவியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். "தரவும் மாட்டேங்கறா, விடவும் மாட்டேங்கறா. பேசாம நேர்ல போய் நில்லு."

அடுத்த திங்களன்று போய் நின்றான். பஸ்ஸில் மூன்று மணி நேரம்.

யோலந்தாவுக்கு ஐம்பது வயதிருக்கும். கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். அவன் பெயரைச் சொன்னதும் அந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள், உடனே கழற்றினாள்.

அவளுக்குப் பின்னால் அலமாரியில் ஒரு நீளப் பெட்டி. அதன்மேல் இருந்த உதிரிபாக எண் செசாரிக்கு மனப்பாடம்.

"அதோ இருக்கே."

"அது வித்தாச்சு சார்."

"எப்போ வந்தது?"

"இன்னிக்குக் காலையில."

"எப்போ வித்தீங்க?"

"வர்றதுக்கு முன்னாடியே."

"யாருக்கு?"

"அதைச் சொல்லக் கூடாது சார்."

செசாரி கவுண்டரில் சாய்ந்து எட்டிப் பார்த்தான். பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டில் எழுதியிருந்தது: விட்டோல்ட், லிமனோவா.

செசாரி கவுண்டரை ஓங்கித் தட்டினான்.

"ஆக, எனக்குத் திங்கட்கிழமை, அவனுக்குக் கேம்ஷாஃப்ட். என்னைப் பந்தயத்துல நிக்க விடாம பண்ண உங்களுக்கு எவ்வளவு தந்தான்?"

யோலந்தாவின் முகம் சிவந்தது.

"டீ சாப்பிடறீங்களா சார்? எலுமிச்சம்பழம் போட்டு?"

"விஷம் போட்டுக் குடுங்க."

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார்ந்து, அந்தக் கடையைப் பற்றி இணையத்தில் எழுதினான். மலைகள் வரும்வரை எழுதினான். 'பொய்யை மட்டும் உடனே டெலிவரி செய்யும் கடை' என்று முடித்தபோது மனம் லேசாவதற்குப் பதில் இன்னும் கனத்தது.

வெள்ளிக்கிழமை செசாரியின் பெயர் நாள். அவன் பெயர்கொண்ட புனிதருக்கான நாள் என்று நாள்காட்டியில் பார்த்து, அழைக்காமலே ஆட்கள் வாழ்த்த வருகிற நாள். இவோனா பாலாடைக்கட்டி கேக் செய்து வைத்திருந்தாள். அக்கம்பக்கத்தார் பூவோடு வந்தார்கள். அவன் முகத்தைப் பார்த்ததும் காபியை மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பினார்கள்.

மூன்று மணிக்கு மறுபடி அழைப்பு மணி அடித்தது.

வாசலில் விட்டோல்ட். ஒரு கையில் பூங்கொத்து. இன்னொரு கையில் அந்த நீளப் பெட்டி.

"காட்டிட்டுப் போக வந்தியா?" என்றான் செசாரி.

"மாட்டிட்டுப் போக வந்தேன். பெயர் நாளுக்கு வந்தவனை வாசல்லயே நிறுத்தறதுதான் உங்க வீட்டு வழக்கமா?"

உள்ளே வந்து, பூவை இவோனாவிடம் கொடுத்து, பெட்டியைக் கேக் பக்கத்தில் வைத்தான்.

"பிரிடா. உனக்குத்தான். நானும் அதே கடையிலதான் சாமான் வாங்கறேன். நீ ஆர்டர் கொடுத்தது தெரிஞ்சுது. உன் பெயர் நாளைக்குத் தரலாம்னு, உன் பேர்ல இருந்ததை என் பேருக்கு மாத்தி நானே வாங்கிட்டேன்."

"எதுக்கு?"

"போன வருஷக் கோப்பையைத் துடைக்கவே எனக்கு மனசு வரல. அது உன் கிளட்ச் கேபிள் குடுத்த கோப்பை. இந்தத் தடவை நீ உச்சி வரைக்கும் வரணும். அதுக்கப்புறம் நான் ஜெயிக்கணும்."

"கனவு காணு" என்றான் செசாரி.

இவோனா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். கேக்கில் பெரிய துண்டாக வெட்டி விட்டோல்டின் முன்னால் வைத்தாள்.

செசாரி கேம்ஷாஃப்டை எடுத்துக் கையில் வைத்து உருட்டினான். எண்ணெய் பூசிய இரும்பில் ஜன்னல் வெளிச்சம் வழுக்கியது. திடீரென்று நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"பாவி, முன்னாடியே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன? அந்தம்மாவை வாய்க்கு வந்தபடி திட்டிட்டேனே. பெரிய பொய்க்காரின்னு ஊருக்கெல்லாம் எழுதிட்டேன்."

"யாரு, யோலந்தாவா?" விட்டோல்ட் கேக்கை வாயில் வைத்துக்கொண்டே சிரித்தான். "அவங்களுக்குப் பொய்யே வராதுடா. தினமும் காலையில எனக்கு போன் பண்ணி, 'உங்க சிநேகிதர் இப்போ கூப்பிட்டுடுவாரு, இன்னிக்கு அவருக்கு என்ன சார் சொல்றது'ன்னு அழாத குறையா கேப்பாங்க."