சத்தம் கேட்காத டப்பா

மைசூரு ஹெப்பாளில் பாதி எழும்பிய கட்டடத்தின் நிழலில், அஞ்சலை தலைச்சும்மாட்டைப் பிரித்து முகம் துடைத்துக்கொள்கிறாள். எச்.ஐ.வி. மாத்திரை வாங்க அவள் ஆஸ்பத்திரிக்கு வருவது நின்றுபோனதால், அங்கே வேலை பார்க்கும் உமாதேவி தேடி வந்திருக்கிறாள். மேஸ்திரியிடம் தூரத்துச் சொந்தம் என்று சொல்லிவிட்டு வந்தவள், ஜல்லிக்குவியல் ஓரமாக அவள் பக்கத்தில் உட்காருகிறாள். கலவை மிஷின் கடகடவென்று சுற்றுகிறது. அந்த இரைச்சலிலும் இருவரும் அடங்கிய குரலில்தான் பேசுகிறார்கள். “ஏன் அஞ்சலை வரல?” “தகர ஷெட்டுல எல்லாரும் ஒண்ணாத்தான் படுக்கறோம்க்கா. டப்பாவ எடுத்தாலே மாத்திரை கிலுகிலுங்குது. நாத்தனா என்னதுன்னு கேட்டுட்டா. பயந்து தூக்கி வீசிட்டேன்.” உமாதேவி தன் கைப்பையிலிருந்து ஒரு மாத்திரை டப்பாவை எடுத்து அவள் காதருகே ஆட்டுகிறாள். உள்ளே பஞ்சு அடைத்திருப்பதால் சத்தமே வரவில்லை. “யாரோடதுக்கா இது?” “என்னோடதுதான். வருஷக்கணக்கா சாப்பிடறேன்.” அஞ்சலை அவளை நெற்றிக் குங்குமத்திலிருந்து வெயிலில் வந்த செருப்புக்கால் வரை நிதானமாகப் பார்க்கிறாள். மேஸ்திரி கூப்பிடுகிறான். அவள் புடவையைத் தட்டிக்கொண்டு எழுந்து, “நாளே நனகே ரஜா பேக்கு, மேஸ்திரி” என்று நாளைக்கு லீவு கேட்கிறாள், மிஷின் சத்தத்தையும் மீறிய குரலில்.