நெற்றியில் பூசிய பாஸ்வேர்ட்

"பதினாறு எழுத்து, றோஸி! பதினாறையும் வடிவா எழுதி வைச்சனான். எங்க போச்சுது?"

இயேசுவின் திரு இருதயப் படத்தின் பின்னால் செருகியிருந்த, குருத்து ஞாயிறன்று கோயிலில் கொடுத்த ஓலையை உருவி, முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தார் ஸ்ரனிஸ்லாஸ். பேனைக் கீறு ஒன்றுகூட இல்லை.

கொட்டாஞ்சேனை மாடிவீட்டின் முன்னறையில் புது ரீவி பாதிச் சுவரை அடைத்துக்கொண்டிருந்தது. வைஃபை பாஸ்வேர்டைக் கேட்டுவிட்டுப் பிடிவாதமாகக் காத்திருந்தது. நேரம் ஒன்றே முக்கால். இரண்டரைக்கு லண்டன் கோயிலில் பேரன் அனுஜன் முதன்முதலாக நற்கருணை வாங்கும் முதல்நன்மைப் பூசை. நேரில் போக இரண்டு தரம் விசாவுக்குப் போட்டார்கள், இரண்டு தரமும் இல்லையென்று வந்துவிட்டது. நேரலையிலாவது பார்ப்போம் என்றுதான் இந்த ரீவியையே வாங்கினார்கள்.

சமையலறையில் றோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்த மனைவி றோஸி எட்டிப் பார்த்தார்.

"ஆராவது ஓலையில பாஸ்வேர்ட் எழுதுவினமோ?"

"பேப்பரில எழுதினா நீ அதில றோல்ஸ் சுத்திப்போடுவாய். மந்திரிச்ச ஓலையை எறிய மாட்டாய் எண்டுதான் அதில எழுதினனான்."

"எறியேல்லத்தான். ஆனா உங்கட கையில இருக்கிறது இந்த வருஷத்து ஓலை. போன வருஷத்து ஓலையை விபூதிப் புதனுக்கு எரிக்கக் கோயிலில கேட்டவை. நீங்கள்தானே கொண்டுபோய்க் குடுத்தனீங்கள்?"

ஸ்ரனிஸ்லாஸ் பொத்தென்று கதிரையில் இருந்துவிட்டார்.

நேரலை பார்க்க நேரத்தோடு வந்து நல்ல கதிரையைப் பிடித்திருந்த பக்கத்து வீட்டு நிக்கலஸுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அப்ப உன்ர பாஸ்வேர்டை எரிச்சுச் சாம்பலாக்கி, பாதர் உன்ர நெத்தியிலயே பூசிவிட்டிட்டார்!"

"சிரிக்காதை ஐசே. கீழ்வீட்டுக்காரன் பிடிக்கக்கூடாதெண்டு நானே யோசிச்சு மாத்தின பாஸ்வேர்ட். இப்ப எனக்கே பிடிபடேல்ல."

"இஞ்சருங்கோ, அந்தப் பழைய கொம்பியூட்டரில…" என்று றோஸி தொடங்கினார்.

"அதில படமும் ஓடாது, சத்தமும் வராது. இது மெஷின் விசயம், நீ றோல்ஸைப் பார். செவ்வாய்க்குச் செவ்வாய் நவநாளெண்டு போய் மூண்டு மணித்தியாலம் நிக்கிறாய். தொலைஞ்சதைத் தேடித் தாறவர் அந்தோனியார்தானே? அவரிட்டக் கேள்."

"கேக்கிறன்," என்று சொல்லிவிட்டு றோஸி உள்ளே போனார்.

நிக்கலஸுக்கு ஒன்று நினைவு வந்தது. "பூசை முடிய ஒரு உதவி நம்பர் வாசிச்சவை ஐசே. நவநாள் முடியப் பங்கு மண்டபத்தில நடக்கிற கொம்பியூட்டர் வகுப்பைப் படிச்ச ஆக்கள், முறைபோட்டு அந்தப் போனை வைச்சிருந்து மெசேஜில சொல்லித் தருவினமாம்."

ஸ்ரனிஸ்லாஸ் போனை எடுத்து ஒற்றை விரலால் எழுதினார்: 'தம்பி, அவசரம். வைஃபை பாஸ்வேர்ட் எரிந்துவிட்டது.'

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. 'பயப்பட வேண்டாம் ஐயா. அதே வைஃபையில் வேலை செய்யும் கொம்பியூட்டர் ஏதும் வீட்டில் இருக்கிறதா?'

"பாத்தியே! மூளைக்காரப் பெடியன்!"

பழைய கொம்பியூட்டரைத் தூசி தட்டிப் போட்டார்கள். அது முனகி முனகி எழும்பும்போது நேரம் இரண்டு ஐந்து. 'கீழே வலப்பக்க மூலையில் உள்ள வைஃபை அடையாளத்தில் வலது கிளிக் செய்யுங்கள்' என்றது அடுத்த செய்தி. செய்தார். ஏதேதோ திறந்தது. 'இனி என்ன, தம்பி?' என்று கேட்டார். பதிலே இல்லை.

அந்த நேரம் பார்த்து றோஸி பிளேன்ரீயோடு வந்தார். "முடிஞ்சுதோ?"

"குழப்பாதை, போ!"

றோஸி போனார். பதில் வந்தது. 'வைஃபை பெயரை அழுத்தி, வயர்லெஸ் புரொப்பர்ட்டீஸுக்குள் போங்கள். செக்கியூரிட்டி என்று இருக்கும்.'

'ஒன்றையும் காணவில்லையே!'

'கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாருங்கள் ஐயா.'

ஸ்ரனிஸ்லாஸ் தலையைத் தடவினார். கண்ணாடி அங்கேதான் இருந்தது. "இவனுக்கு எப்பிடித் தெரியும்?"

"எங்கட வயசில ஆருக்குத்தான் கண்ணாடி இல்லை?" என்றார் நிக்கலஸ்.

'இனி ஷோ கரக்டர்ஸ் என்ற சின்னப் பெட்டியில் சரி போடுங்கள்.'

போட்டார். கறுப்புப் புள்ளிகள் மறைந்து, பதினாறு எழுத்தும் வரிசையாக வந்து நின்றன.

"வந்திட்டுது! வந்திட்டுது ஐசே!"

அவர் போட்ட சத்தத்தில் கீழே நின்ற ஓட்டோக்காரர்கூட நிமிர்ந்து பார்த்தார். நிக்கலஸ் ஒவ்வொரு எழுத்தாக வாசிக்க, ஸ்ரனிஸ்லாஸ் ரிமோட்டால் அழுத்தினார். இரண்டு இருபத்தெட்டுக்கு ரீவியில் லண்டன் கோயில் வந்தது. இரண்டாம் வரிசையில் வெள்ளைக் கோட்டோடு அனுஜன் பெரிதாகக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான்.

"என்ர ராசா!" ஸ்ரனிஸ்லாஸுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கவும் இல்லை. இரண்டு விசாக் கடிதங்களையும் அந்த நிமிடத்தில் மன்னித்துவிட்டார்.

றோல்ஸ் தட்டோடு வந்த றோஸியும் கதிரைக்குப் பின்னால் நின்று அழுதபடி சிரித்தார்.

"பாத்தியே றோஸி? மூளை எண்டா அந்தப் பெடியன்ர மூளை! ஒருநாள் வீட்டுக்குக் கூப்பிட்டு நண்டுக்கறியோட சோறு குடுக்க வேணும்."

"குடுப்பம்."

"முதல் ஒரு தாங்ஸ் சொல்லுவம்," என்று அந்த நம்பரை அழுத்தினார்.

றோஸியின் ஹவுஸ்கோட் பொக்கெட்டுக்குள் போன் அடித்தது.

றோஸி தட்டை நிக்கலஸின் கையில் கொடுத்துவிட்டு, போனை எடுத்து ஆறுதலாகக் காதில் வைத்தார்.

"வணக்கம், பங்குக் கணினி உதவி. சனிக்கிழமை முறைக்காரி றோஸி கதைக்கிறன். சொல்லுங்கோ ஐயா, வேற ஏதும் தொலைஞ்சிட்டுதோ?"